தாவும் சிலந்திக்கு என்ன ஆச்சு? சென்னை வீடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

தாவும் சிலந்தி வளர்ப்பதற்குக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை ஃபிடிப்பஸ் ரீஜியஸ் என்ற இனத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஃபுளோரிடாவும் கரீபியத் தீவுகளும் அதன் சொந்த ஊர். அதைக் குளிர் நாட்டு வீடுகளில் வளர்ப்பவர்கள் எழுதுவதால் சூடேற்றும் பாய், சூடு தரும் விளக்கு என்று பட்டியல் நீளும். சென்னையில் அதை அப்படியே பின்பற்றினால் சிலந்தி வெந்துபோகும். இங்கே நாம் கவலைப்பட வேண்டியவை வேறு: கத்திரி வெயில், ஏசி அறையின் வறட்சி, ஐப்பசி கார்த்திகை மாதங்களின் ஈரம், எல்லாவற்றுக்கும் மேலே கொசு மருந்து. என்னைக் கேட்டால், இந்த ஊரில் ஆசையாக வளர்க்கும் சிலந்திகளைக் கொல்வதில் கொசு மருந்துக்குத்தான் முதலிடம்.

நம் வீட்டைச் சுற்றியே நல்ல இனங்கள் இருக்கின்றன. செம்பருத்தி, கறிவேப்பிலை, மாமரத்து இலைகளில் உட்கார்ந்திருக்கும் கட்டையான, முடி நிறைந்த ஹில்லஸ் செமிகியூப்ரியஸ். வெளிர்மஞ்சள் உடம்பில் இரண்டு சிவப்புக் கோடு ஓடும் டெலமோனியா டிமிடியாட்டா பெண். டியூப் லைட் பக்கத்தில் பூச்சிக்குக் காத்திருக்கும் பிளெக்ஸிப்பஸ் பேய்குலி. வெளிச்சுவரில் ஈ பிடிக்கும் சாம்பல் நிற மெனமெரஸ். புதிதாக ஆரம்பிப்பவருக்கு நான் ஹில்லஸைத்தான் சொல்வேன். உடம்பு பெரிது என்பதால் அதற்கு என்ன ஆகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். உங்கள் பால்கனியில் கிடைத்தால் போதும். கிண்டி தேசியப் பூங்கா மாதிரியான இடங்களிலிருந்து எந்த உயிரையும் எடுத்து வரக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

சரி, சிலந்தியிடம் ஏதோ மாற்றம் தெரிகிறது. பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, வயிறு. அதாவது உடம்பின் பின்பகுதி. அது பட்டாணி போல உருண்டு திரண்டிருந்தால் சாப்பாடும் தண்ணீரும் போதுமான அளவு இருக்கிறது. சுருங்கி, மேல் தோலில் மடிப்பு விழுந்து, முன்பகுதியைவிடச் சிறுத்துப் போயிருந்தால் தண்ணீரோ சாப்பாடோ இல்லை. இரண்டாவது, பார்வை. பெட்டிக்கு வெளியே ஒரு விரலை மெல்ல இடமிருந்து வலமாக நகர்த்துங்கள். தெம்பாக இருக்கும் சிலந்தி உடம்பையே திருப்பி விரலைப் பார்க்கும். அதன் எட்டுக் கண்களில் முன்னால் இருக்கும் பெரிய இரண்டும்தான் நுணுக்கமாகப் பார்ப்பவை, மற்றவை சுற்றிலும் அசைவு இருக்கிறதா என்று கவனிப்பவை. டெலமோனியா மாதிரி வெளிர் நிறச் சிலந்தியாக இருந்தால் அந்தப் பெரிய கண்கள் ஒரு நொடி கறுப்பாகவும் அடுத்த நொடி வெளுப்பாகவும் தெரியும். கண்ணின் வில்லை அசையாது. உள்ளே இருக்கும் விழித்திரைக் குழாய் நகர்வதால் வரும் மாற்றம் அது. உங்களைப் பார்க்கிறது என்று அர்த்தம். மூன்றாவது, அறை. கடந்த இரண்டு நாளில் அங்கே என்ன மாறியது? புதிதாகக் கொசு லிக்விட் செருகினார்களா, ஏசி இரவு முழுக்க ஓடியதா, ஜன்னல் வெயில் பெட்டி மேல் விழுந்ததா?

இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் கீழே உள்ளவற்றில் எது என்று தேடுவது எளிது. அவசரமானவற்றை முதலில் வைத்திருக்கிறேன்.

கால்களை உள்ளே மடக்கிக்கொண்டு தரையில் கிடக்கிறது

சிலந்திக்குக் காலை மடக்கத் தசை உண்டு. ஆனால் காலின் முக்கியமான மூட்டுகளை நீட்டுவதற்குத் தசை கிடையாது. உடம்புத் திரவத்தை அழுத்தத்தோடு காலுக்குள் செலுத்தித்தான் நீட்டுகிறது. தாவுவதும் அதே அழுத்தத்தால்தான். உடம்பில் நீர் குறைந்தால் அந்த அழுத்தம் போய்விடும், கால்கள் தாமாக உள்ளே மடங்கிவிடும். செத்த சிலந்தி கால் மடங்கிக் கிடப்பதும் இதனால்தான். அதனால் மடங்கிக் கிடக்கிறது என்பதை மட்டும் வைத்துச் செத்துவிட்டது என்று முடிவு கட்டித் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் பின்காலைத் தொட்டுப் பாருங்கள். சிறு அசைவு இருந்தாலும், வயிறு சுருங்கியிருந்தால் இது தாகம். ஒரு சின்னக் கிண்ணத்தில் டிஷ்யூ பேப்பரை நனைத்து, அதிகத் தண்ணீரைப் பிழிந்துவிட்டு விரியுங்கள். சிலந்தியைப் பிரஷ்ஷால் அதன் மேல் ஏற்றி, முகம் ஈரத்தில் படும்படி வையுங்கள். முகம் மட்டும்தான் படவேண்டும். மூச்சு விடும் துளைகள் வயிற்றின் அடிப்பக்கத்தில் முன்னால் இருக்கின்றன, அங்கே தண்ணீர் தேங்கினால் மூச்சடைத்துப் போகும். தண்ணீரில் மிதக்க விடுவது, சொட்டுச் சொட்டாக மேலே ஊற்றுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். கிண்ணத்தை நிழலான, காற்று அடிக்காத இடத்தில் வைத்துவிட்டு விலகி வாருங்கள். வெறும் தாகமாக இருந்தால் சில மணி நேரத்தில் கால் நீளும், வயிறு கொஞ்சம் உப்பும். எழுந்தவுடனே பூச்சியைப் போடாதீர்கள். மறுநாள் சின்னதாக ஒன்று கொடுத்தால் போதும்.

இது ஏன் வந்தது என்று பார்த்தால் சென்னையில் பெரும்பாலும் ஏசிதான் காரணமாக இருக்கும். வெளியே வியர்த்துக் கொட்டினாலும் ஏசி ஓடும் படுக்கையறைக் காற்றில் ஈரம் நன்றாகக் குறைந்துவிடும். பெட்டி ஏசிக் காற்று நேரே படும் அலமாரியில் இருந்தால் காலையில் அடித்த தண்ணீர் மதியத்துக்குள் காய்ந்துவிடும். இடத்தை மாற்றுங்கள். பெட்டிச் சுவரில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சிறு துளிகளாகத் தண்ணீர் தெளியுங்கள். ஏசி அறை என்றால் தினமும். சிலந்தி அந்தத் துளிகளைக் குடித்துக்கொள்ளும், தனியாகக் கிண்ணம் தேவையில்லை. குழாய்த் தண்ணீரை இரவு முழுக்கத் திறந்து வைத்துக் குளோரின் வாடை போன பிறகு பயன்படுத்தலாம். போர் தண்ணீர் உப்பாக இருக்கும், பெட்டிச் சுவரில் வெள்ளைக் கறை படியும். கேன் தண்ணீரே நல்லது. ரிச்சி தெருவில் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் ஊகிக்க வேண்டியதில்லை. நம் ஊர் இனங்களுக்கு 50 முதல் 70 சதவீதம் சரியான அளவு.

மே மாதத்தில் இன்னொரு காரணமும் உண்டு. மூடிய பிளாஸ்டிக் பெட்டி மேல் நேர் வெயில் விழுந்தால் உள்ளே சூடு சில நிமிடங்களில் தாங்க முடியாத அளவுக்கு ஏறிவிடும். அப்படிக் கிடந்தால் உடனே நிழலுக்கு எடுங்கள். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், ஐஸ் தண்ணீர் தெளிக்காதீர்கள். அறை வெப்பத்தில் ஈர டிஷ்யூ வைத்தியம்தான் இதற்கும்.

நடுங்குகிறது, தள்ளாடுகிறது, கால்கள் வெட்டி வெட்டி இழுக்கின்றன

வயிறு நன்றாக உருண்டிருக்கிறது. ஆனால் நடக்கும்போது ஒரு கால் தனியாகத் துடிக்கிறது, பிடித்த இடத்திலிருந்து நழுவுகிறது, கவிழ்ந்து விழுந்தால் நிமிர முடியவில்லை. இது நூற்றுக்குத் தொண்ணூறு பூச்சி மருந்துதான்.

சுவரில் செருகும் கொசு லிக்விடுகளில் இருப்பது டிரான்ஸ்ஃப்ளூத்ரின், பிராலெத்ரின் மாதிரியான மருந்துகள். இவை நரம்பில் சோடியம் போகும் வாசல்களை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால் நரம்பு ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கும். கொசுவுக்கு நடப்பது அப்படியே சிலந்திக்கும் நடக்கும். "பெட்டி மூடித்தானே இருக்கிறது" என்று நினைக்க வேண்டாம், காற்றுத் துளை இருக்கிற இடத்தில் ஆவியும் போகும். கொசுவத்தி, கொசு விரட்டும் ஊதுபத்தி, ஸ்பிரே, எறும்புக்குப் போடும் சாக்பீஸ், நாய்க்கு உண்ணி போகப் போடும் பவுடர், எல்லாம் இதே கதைதான். நாய்க்கு மருந்து தடவிய கையோடு பெட்டிக்குள் கைவிடுவதும் ஆபத்து. பீரோவில் நாப்தலின் உருண்டை இருந்தால் அதன் பக்கத்திலும் வைக்காதீர்கள்.

செய்ய வேண்டியது: சிலந்தியை உடனே மருந்து வாடையே இல்லாத அறைக்கு, முடிந்தால் வேறு வீட்டுக்குக் கொண்டு போங்கள். பழைய பெட்டி, மண், இலை, குச்சி எதையும் கூட எடுத்துப் போகாதீர்கள், மருந்து அதில் படிந்திருக்கும். சுத்தமான புது டப்பா, அடியில் ஈர டிஷ்யூ, ஏறி விழாதபடி உயரம் குறைந்த டப்பாவாக இருந்தால் நல்லது. சாப்பாடு வேண்டாம், அமைதியாக விடுங்கள். லேசாகப் பட்டது என்றால் ஓரிரு நாளில் தெளியும். நன்றாக ஏறிவிட்டால் பிழைப்பது கடினம், இதற்கு மாற்று மருந்து எதுவும் கிடையாது.

அதனால் வருமுன் காப்பதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். சிலந்தி இருக்கும் அறையில் கொசுவலை கட்டித் தூங்குங்கள், ஜன்னலுக்கு வலை அடியுங்கள். அபார்ட்மென்டில் பூச்சி மருந்து அடிக்கும் தேதியை அசோசியேஷனிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்குப் பெட்டியை உறவினர் வீட்டில் விடுங்கள். அடுத்த சில நாளைக்கு எடுத்து வராதீர்கள். மழைக்காலத்தில் தெருவில் கொசுப் புகை அடிக்கும் சத்தம் கேட்டால் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, பெட்டியை வீட்டின் நடுவில் உள்ள அறைக்கு மாற்றுங்கள்.

இரையாகப் போடும் பூச்சி வழியாகவும் விஷம் வரும். தரையில் தடுமாறிச் சுற்றும் ஈ, மல்லாந்து கிடக்கும் கரப்பான், இதெல்லாம் மருந்து பட்டவை. அதைப் பிடித்துப் போட்டால் சிலந்திக்கு நீங்களே விஷம் ஊட்டிய மாதிரி. குப்பைத்தொட்டிப் பக்கத்து ஈக்களையும் தவிர்த்துவிடுங்கள்.

சாப்பிட மாட்டேன் என்கிறது

அதிகமாக வரும் சந்தேகம் இதுதான், பெரும்பாலும் கவலைப்படத் தேவையில்லாததும் இதுதான். மறுபடியும் வயிற்றைப் பாருங்கள்.

வயிறு உருண்டு, தோல் இழுத்துக் கட்டினாற்போல் இருந்தால் பசி இல்லை. வளர்ந்த சிலந்திக்கு மூன்று நாளுக்கு ஒரு பூச்சி போதும். நாம் ஆசைப்பட்டு தினமும் கொடுத்தால் அது திரும்பிக்கூடப் பார்க்காது. அளவுக்கு மீறி ஊதிய வயிற்றோடு உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு வெடித்துவிடும் ஆபத்தும் உண்டு. ஒரு வாரம் விட்டுப் பிடியுங்கள்.

வயிறு உருண்டிருக்கிறது, கூடவே நிறம் மங்கிவிட்டது, பெட்டியின் மேல்மூலையில் பட்டு நூலால் தூளி கட்டிக்கொண்டு வெளியே வருவதில்லை, தூளியின் சுவர் நாளுக்கு நாள் தடித்து வெள்ளையாகிறது என்றால் சட்டை உரிக்கப் போகிறது. குட்டிக்குச் சில நாளில் முடியும். பெரிய சிலந்தி இரண்டு மூன்று வாரம்கூட உள்ளேயே இருக்கும். உயிரோடு இருக்கிறதா என்று தூளியைக் கிழித்துப் பார்க்காதீர்கள். உள்ளே போட்ட பூச்சியை எடுத்துவிடுங்கள், இது முக்கியம். சட்டை உரிக்கும் சிலந்தியால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. பசித்த சில்வண்டு அதைக் கடித்துத் தின்றுவிடும். தூளிக்கு நேரே தண்ணீர் அடிக்காமல் எதிர்ச் சுவரில் மட்டும் தெளியுங்கள். வெளியே வந்த பிறகும் உடனே இரை கொடுக்கக் கூடாது. புதுப் பற்கள் இறுக நான்கைந்து நாள் ஆகும்.

வயிறு சுருங்கியிருக்கிறது, ஆனாலும் பூச்சியைக் கண்டு பின்வாங்கி ஓடுகிறது என்றால் இரை பெரிதாக இருக்கலாம். சிலந்தியின் உடம்பு நீளத்துக்கு மேல் இரை வேண்டாம். குட்டிகளுக்குப் பழ ஈக்கள்தான் சரி. அவற்றுக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. கனிந்த வாழைப்பழத் துண்டை ஊறுகாய் பாட்டிலில் போட்டுத் திறந்து வைத்தால் அரை நாளில் வந்து சேரும். மெல்லிய துணியால் வாயைக் கட்டிவிட்டால் உள்ளேயே பெருகும். எடுக்கும்போது பறக்காமல் இருக்க பாட்டிலைக் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். மீல்வார்ம் புழு கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் கேட்டால் கிடைக்கும். அது மண்ணுக்குள் புதைந்துகொள்ளும், சிலந்திக்கு அசைவு தெரியாது. அதனால் இடுக்கியில் பிடித்து முகத்துக்கு முன்னால் மெல்ல ஆட்டிக் காட்டுங்கள். எறும்பு கொடுக்க வேண்டாம்.

வெளிச்சம் குறைவாக இருந்தாலும் சாப்பிடாது. இவை கண்ணால் பார்த்து வேட்டையாடும் பகல் நேரப் பிராணிகள். அலமாரிக்குள் இருட்டில் வைத்தால் நாள் முழுக்கத் தூளியிலேயே கிடக்கும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும். வடக்குப் பார்த்த ஜன்னல், இல்லாவிட்டால் சாதாரண எல்.இ.டி. விளக்கு போதும்.

கடைசியாக, வளர்ந்த ஆண். முகத்துக்கு முன்னால் இருக்கும் இரண்டு குட்டிக் கைகளின் நுனி பருத்திருந்தால் ஆண் வயதுக்கு வந்துவிட்டது. அதற்குப் பெண்ணைத் தேடி அலைவதில்தான் நாட்டம், சாப்பாடு இரண்டாம் பட்சம். தண்ணீர் மட்டும் தவறாமல் கொடுங்கள். செடியில் பிடித்த உள்ளூர் ஆண் என்றால் பிடித்த செடியிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவதுதான் அதற்குச் செய்யும் நியாயம் என்பது என் கருத்து.

பழைய சட்டை காலில் மாட்டிக்கொண்டிருக்கிறது

சட்டை உரிப்பது சுலபமான வேலை இல்லை. முதலில் தலைப்பக்கத்து மேலோடு விளிம்பில் விட்டுப் பின்னால் மூடி திறப்பது போலத் தூக்கும், பிறகு வயிற்றுத் தோல் விரியும், கடைசியில் எட்டுக் கால்களையும் ஒவ்வொரு உறையிலிருந்தும் இழுத்து எடுக்க வேண்டும். காற்று வறண்டிருந்தால் கால் உறையில் சிக்கிவிடும். ஒன்றிரண்டு காலில் சிக்கியிருந்தால் பெட்டியின் ஒரு மூலையில் ஈர டிஷ்யூ வைத்து ஈரத்தைக் கூட்டிவிட்டு ஒரு நாள் காத்திருங்கள். இடுக்கியால் இழுக்க வேண்டாம், புதுத்தோல் ஈரக் காகிதம் மாதிரி கிழியும். பல நேரம் சிலந்தி தானே அந்தக் காலைக் கழற்றிவிடும். பார்க்கப் பாவமாக இருந்தாலும் பயப்பட வேண்டாம். இன்னும் சட்டை உரிக்கும் வயதில் இருந்தால் அடுத்த உரிப்பில் புதுக் கால் சிறியதாக முளைக்கும், அதற்கடுத்ததில் இன்னும் வளரும். வளர்ந்து முடித்த சிலந்திக்கு முளைக்காது. ஆனால் ஒன்றிரண்டு கால் இல்லாமலும் அது வேட்டையாடும்.

காலோ வயிறோ அடிபட்டுத் தெளிவான அல்லது லேசாக நீலம் ஓடிய திரவம் கசிந்தால் அது அதன் ரத்தம். செம்பு கலந்தது என்பதால் அந்த நிறம். ஈரமில்லாத பிரஷ்ஷின் நுனியில் சிட்டிகை கார்ன்ஃப்ளார் மாவைத் தொட்டு அந்த இடத்தில் மட்டும் வையுங்கள், கசிவு நிற்கும். அன்றைக்கு இரை வேண்டாம்.

சுவரில் ஏற முடியாமல் வழுக்குகிறது

பெட்டிச் சுவரில் தூசி, உப்புக்கறை, பூச்சிக் கழிவு படிந்திருந்தால் பாதத்தில் உள்ள நுண்முடிகள் ஒட்டாது. முதலில் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள், சோப்பு வேண்டாம். சட்டை உரிப்பதற்கு முன்பும் கொஞ்சம் வழுக்கும். இரண்டும் இல்லை, நடுக்கமும் இல்லை, வளர்ந்து பல மாதம் ஆகிவிட்டது என்றால் அது மூப்பு. இவற்றின் ஆயுள் பெரும்பாலும் ஓராண்டை ஒட்டித்தான், பெண் கூடுதலாக இருக்கும். பெட்டிக்குள் சொரசொரப்பான குச்சிகளை நிறைய வையுங்கள், அடியில் மெத்தென்று தேங்காய் நார்த்தூள் போடுங்கள், இரையைத் தலை நசுக்கி முகத்துக்கு அருகே நீட்டுங்கள்.

ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தூளி கிழிந்துபோகிறது

இது சிலந்தியின் கோளாறு இல்லை, பெட்டியின் கோளாறு. தாவும் சிலந்தி எப்போதும் இருப்பதிலேயே உயரமான மூலையில்தான் தூளி கட்டும். மேலே திறக்கும் டப்பா என்றால் அது மூடியோடு சேர்ந்துதான் இருக்கும். டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுங்கள். மூடி அடியில் போய்விடும், மண்ணை மூடியிலேயே பரப்பலாம், தூளி உச்சியில் பத்திரமாக இருக்கும். பக்கத்தில் திறக்கும் அக்ரிலிக் பெட்டியும் நல்லதுதான். ஹில்லஸுக்கு 10 சென்டிமீட்டர் அகலமும் 20 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பெட்டி தாராளம். பாரிமுனை பிளாஸ்டிக் கடைகளில் இந்த அளவில் எத்தனையோ கிடைக்கும். காற்றுத் துளைகளை எதிரெதிர் பக்கத்தில் போடுங்கள், ஒரே பக்கம் போட்டால் காற்று ஓடாது.

தூளிக்குள் மஞ்சளாக உருண்டைகள், வயிறு திடீரென்று சிறுத்துவிட்டது

முட்டை. செடியிலிருந்து பிடித்த பெண் என்றால் ஏற்கெனவே இணைசேர்ந்திருக்கும், ஆணே இல்லாமல் மாதக்கணக்கில் கழித்துக்கூட குஞ்சு பொரிக்கக்கூடிய முட்டையிடும். குட்டியிலிருந்து தனியாக வளர்ந்தது என்றாலும் முட்டையிடலாம், ஆனால் அவை பொரிக்காது, சில வாரத்தில் சுருங்கிப்போகும். தாய் காவல் இருக்கும் நாட்களில் வெளியே வராது. தூளி வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் தண்ணீர் தெளியுங்கள், சின்ன இரையை வாசலில் நீட்டிப் பாருங்கள், எடுக்காவிட்டால் விட்டுவிடுங்கள். பொரித்த குட்டிகள் ஓரிரு வாரம் தூளிக்குள்ளேயே இருந்து, ஒருமுறை சட்டை உரித்துவிட்டு வெளியே வரத் தொடங்கும். அதற்குள் காற்றுத் துளைகளை மெல்லிய துணியால் மறைத்துவிடுங்கள், ஊசித்துளை வழியாகவும் போய்விடும். உள்ளூர் இனம் என்றால் நாலைந்தை மட்டும் தனித்தனி டப்பாவில் வைத்துக்கொண்டு மீதியைத் தாய் கிடைத்த செடியிலேயே விடுங்கள். சேர்த்து வைத்தால் ஒன்றையொன்று தின்னும். வெளிநாட்டு இனத்தை ஒருபோதும் வெளியே விடக் கூடாது.

வயிறு ஒருபக்கம் மட்டும் வீங்கியிருந்தால், அதுவும் வெளியிலிருந்து பிடித்த சிலந்தி என்றால், உள்ளே ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம். அதற்குச் செய்ய ஒன்றுமில்லை. வயிற்றின் மேல் வெளியே வெள்ளைப் புழு ஒட்டிக்கொண்டிருந்தால் அது ஒருவகைக் குளவியின் குஞ்சு, ஈரப் பிரஷ்ஷால் மெல்ல நெம்பி எடுத்துவிடலாம். பால்கனியில் உயிர் இருந்தும் துவண்டு கிடக்கும் சிலந்தியைப் பார்த்தால் அதுவும் குளவி வேலையாக இருக்கலாம். ஜன்னல் மூலையில் மண்கூடு கட்டும் குளவி, சிலந்தியைக் கொட்டி அசையாமல் செய்து, குஞ்சுக்கு உணவாகக் கூட்டுக்குள் அடைத்து வைக்கும். வழியில் தவறி விழுந்ததாக இருந்தால் அது பெரும்பாலும் மீள்வதில்லை.

பூஞ்சை, நுண்பூச்சி, எறும்பு

நவம்பர் மழையில் மண்ணில் வெள்ளைப் பூஞ்சை படரும். தெளிப்பதை நிறுத்திவிட்டு, தின்று போட்ட மிச்சத்தை எடுத்துவிட்டு, காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். அந்த மாதங்களில் வாரம் இரண்டு முறை தெளித்தாலே போதும். துள்ளித் துள்ளி ஓடும் வெள்ளைப் பொடிப் பூச்சி பூஞ்சையைத் தின்பது, தொந்தரவில்லை. மெல்ல ஊரும் மாவு போன்ற உண்ணிகள் என்றால் சிலந்தியை மாற்றிவிட்டு மண் முழுவதையும் கொட்டிவிடுங்கள். எறும்புக்கு மருந்து வைக்க முடியாது என்பதால் வழி ஒன்றுதான்: தண்ணீர்த் தட்டின் நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் பெட்டியை வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், விட்டுவிட்டால் அதில் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

கையைக் கடித்துவிட்டது

அரிது, விரலுக்கு நடுவில் நசுங்கினால்தான் கடிக்கும். சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கொஞ்ச நேரம் எரிச்சல் இருக்கும். வீக்கம் பரவினாலோ மூச்சு முட்டினாலோ டாக்டரிடம் போக வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் "எட்டுக்கால் பூச்சி மேலே ஓடினா கொப்புளம் வரும்" என்று பயந்தால் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் டியூப் லைட்டுக்கு வரும் மெலிந்த, செம்மஞ்சளும் கறுப்புமான ரோவ் வண்டு தோலில் நசுங்கினால் எரிச்சலோடு கோடாகக் கொப்புளிக்கும். அந்தப் பழியைச் சிலந்தி பல காலமாகச் சுமக்கிறது.

பெட்டியில் காணோம்

முதல் வேலை, ஃபேனை நிறுத்துங்கள். அடுத்தது, கதவிடுக்கில் துணி வையுங்கள். பெட்டிக்குள் இன்னொரு முறை பாருங்கள், குச்சிக்கு அடியில், மூடியின் உள்விளிம்பில். உண்மையிலேயே வெளியே போயிருந்தால் வெளிச்சத்தையும் உயரத்தையும் நோக்கித்தான் போகும்: ஜன்னல் சட்டம், திரைச்சீலையின் மேல் மடிப்பு, டியூப் லைட் பட்டி. இருட்டும்வரை கிடைக்காவிட்டால் அறையில் ஒரே ஒரு விளக்கை மட்டும் எரியவிட்டு, காலையில் அந்தச் சுவரைப் பாருங்கள். கண்டதும் கையால் பாய்ந்து பிடிக்காதீர்கள். கண்ணாடி டம்ளரை அதன் மேல் கவிழ்த்து, கல்யாணப் பத்திரிகை அட்டை மாதிரி கெட்டியான காகிதத்தை அடியில் செருகுங்கள். தாவிவிட்டால் பின்னால் விட்டுப்போகும் நூலைத் தேடுங்கள். தாவுவதற்கு முன் எப்போதும் ஒரு நூலை ஒட்டிவிட்டுத்தான் தாவும், டார்ச் அடித்தால் அந்த நூல் மின்னும், அதன் முனையில் அது இருக்கும். வீட்டில் ஒட்டடை அடிப்பவர்களிடமும் வேலை செய்யும் அக்காவிடமும் சொல்லி வையுங்கள், இரண்டு மூன்று நாளைக்கு அந்த அறையில் துடைப்பமும் ஒட்டடைக் குச்சியும் வேண்டாம் என்று.